விபுலாநந்த அடிகளும் சிக்கன வாழ்வும்

கல்முனைப் பட்டினத்திலிருந்து அக்கரைப்பற்று வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு ஆகிய முஸ்லிம் ஊர்களைக் கடந்ததும் காரைதீவை அடைவர். கிழக்கே கடலோசை, மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி, இடையே ஒடுங்கிய மணற்பரப்பிலே தென்னைகளும் வீடுகளும். அவ்வூர்ச் சந்தியிலே துறவியொருவரின் சிலை நிற்கின்றது. பஸ்ஸிற் செல்லும் நம்மவர் பலர் அதனை நாள்தோறும் காண்கின்றனர். கண்டும் காணாதவராய்ப் போகின்றனர். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே போனவன்.

ஆண்டுதோறும் சுவாமி விபுலாநந்தருக்கு விழா எடுக்கின்றோம், மாலை சூட்டுகின்றோம், யாழ் நூல் தந்த முத்தமிழ் வித்தகர் என்று மேடையிலே புகழ்கின்றோம். அவர் என்ன கற்றார், என்ன எழுதினார், எத்தனை பாடசாலைகளை நடத்தினார் என்பனவெல்லாம் பலரும் சொல்லக் கேட்டவை. ஆனால் அவர் கைக்கு வந்த காசு எங்கே போயிற்று, அவருக்குக் கிடைத்த நேரம் எப்படிச் செலவாயிற்று என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. இம்மலருக்குச் சிக்கனத்தைப் பற்றி எழுதலாம் என்று எண்ணியபோது முதலில் பொருளியற் பாடக் குறிப்புக்களையே புரட்டினேன். பின்னர் நம் அயலூரிற் பிறந்த ஒருவரின் வாழ்க்கையே அதைவிட நன்றாகச் சொல்லும் என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகின்றேன். சிக்கனத்தைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு அதிகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் முதலாண்டிற் கிடைத்த உதவிப்பணத்தை நம்பித் தவணை முறையிலே விலையுயர்ந்த கைத்தொலைபேசி ஒன்றை வாங்கினேன். பழையது நன்றாகவே இருந்தது. கூட்டாளிகள் கையில் இருந்தது என் கையில் இல்லை என்பதே குறை. நான்காம் மாதம் தவணை கட்ட வழியில்லை. அம்மா தன் தோட்டை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இனி அடிகளின் கதைக்கு வருவோம்.

1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆம் திகதி காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாக அவர் பிறந்தார். மயில்வாகனன் என்பது அவருடைய இளமைப் பெயர். அக்காலத்துக் காரைதீவை இன்றைய காரைதீவென்று எண்ணிவிடலாகாது. கல்லோயாத் திட்டம் 1949 இலேதான் தொடங்கிற்று. அதற்கு முன் இப்பகுதி வேளாண்மை பெரும்பாலும் மழையையும் சிறு குளங்களையும் ஆற்று நீரையும் நம்பியே நடந்தது. மாரி பிழைத்தால் விளைவில்லை. வெள்ளம் மிகுந்தாலும் விளைவில்லை. மாதச் சம்பளக்காரனுக்கு முப்பது நாளில் ஒரு தவறு திருந்தும். வயற்காரனுக்கோ அடுத்த அறுவடை வரையிற் பொறுக்க வேண்டும். சூடு மிதித்து நெல் வீட்டுக்கு வந்த அன்றே, இது விதைக்கு, இது சாப்பாட்டுக்கு, இது கடனுக்கு, இது கோயிலுக்கு என்று பிரித்துவைக்கும் வழக்கம் அவ்வாறு எழுந்ததே. விதை நெல்லில் எவ்வளவு பசி வந்தாலும் கை வைக்க மாட்டார்கள். வைக்கோல் மாட்டுக்கு, தவிடு மாட்டுக்கும் கோழிக்கும், உமி அடுப்புக்கு. தென்னையிலே ஓலை வேலிக்கும் கூரைக்கும், ஈர்க்கு விளக்குமாற்றுக்கு, சிரட்டை அகப்பைக்கு. எறிவதற்கென்று ஒரு பொருள் அவ்வீடுகளில் இருந்ததில்லை. இதற்கு அவர்கள் சிக்கனம் என்று பெயர் வைக்கவுமில்லை. வாழ்க்கையே அதுதான்.

அதே ஊரார் கையிறுக்கக்காரரும் அல்லர். காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசித் திங்களிலே குளிர்த்தி நடைபெறும். அப்பொழுது கண்ணகி வழக்குரை படிப்பார்கள். அதற்கு வேண்டிய அரிசியும் தேங்காயும் பழமும் பூவும் வீடுதோறும் இருந்து வரும். நாட்கணக்கில் ஊரே கோயிலில் இருக்கும். ஆண்டு முழுவதும் ஒரு பிடி அரிசியை எண்ணிச் செலவிட்ட வீடு, அந்தச் சில நாட்களில் ஊருக்கென்று அள்ளிக் கொடுக்கும். வீட்டுக்குச் சுருங்கிய கை ஊருக்கு விரியும் இப்பழக்கத்தைக் காரைதீவுப் பிள்ளைகள் எல்லோரும் கண்டே வளர்ந்தனர். சிறுவன் மயில்வாகனன் மட்டும் காணாதிருந்திருக்க முடியாது. கண்ணகி கதையும் அதன் இசையும் அவர் காதில் விழுந்ததும் இந்த முற்றத்திலேதான். அவ்விசை பின்னர் என்னவாயிற்று என்பதைப் பிறகு சொல்லுகின்றேன்.

ஊரிலே தொடக்கக் கல்வி. புலோலி வைத்திலிங்க தேசிகரிடம் தமிழும் வடமொழியும். பின்னர் ஆங்கிலக் கல்விக்காகக் கல்முனை வெஸ்லியன் மிஷன் பாடசாலை. அதன் பின் மட்டக்களப்பில் யேசு சபைக் குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரி. சைவக் குடும்பத்துப் பிள்ளைகளை மிஷன் பாடசாலைக்கு அனுப்பப் பெற்றோர் அக்காலத்தில் அஞ்சினர் என்பர். அவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆயினும் மிஷன் பாடசாலையிற் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை நான் மறைத்தல் நன்றியன்று. மணியடித்தால் எழுதல், மணியடித்தால் நிறுத்தல், கொப்பியின் கடைசிப் பக்கம் வரை எழுதி முடித்தல், கணக்கைச் சதம் பிசகாமற் காட்டுதல் ஆகிய பழக்கங்களை அப்பாடசாலைகள் கற்பித்தன. காரைதீவு வீடு பொருளை வீணாக்காதிருக்கக் கற்பித்தது. மிஷன் பாடசாலை நேரத்தை வீணாக்காதிருக்கக் கற்பித்தது. மயில்வாகனன் இரண்டையும் எடுத்துக்கொண்டார். தம் சமயத்தையும் விட்டுவிடவில்லை. மிக்கேல் கல்லூரியிற் கணிதத்திலே சிறந்து விளங்கிய அவர் 1908 ஆம் ஆண்டிலே, தமது பதினாறாவது வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார்.

அந்நாளில் அப்பரீட்சையிற் சித்தியெய்தியவனுக்கு உத்தியோகம் தேடிவரும். கிளாக்கர் வேலையா, ஆசிரியர் வேலையா என்று தெரிந்தெடுக்கலாம். மயில்வாகனன் ஆசிரியரானார். கையிலே சம்பளம் வந்தது. வளர்ப்பு எவ்வாறு ஒருவனிடம் வேலை செய்கிறது என்பது இந்த இடத்திலே தான் தெரியும் என்பது என் கருத்து. பிள்ளைப் பருவத்தில் இல்லாமையினாற் சிக்கனமாயிருப்பவன், கையிற் காசு வந்தவுடன் இல்லாமைக்குப் பழிவாங்குவதுபோலச் செலவு செய்வதை நாம் காண்கின்றோம். இன்னும் சிலர் அதே இல்லாமையின் அச்சத்தினால் எதையும் செலவிடாது பூட்டிவைக்கின்றனர். ஒரே வறுமை ஊதாரியையும் உலோபியையும் ஆக்குகின்றது. ஆகவே குறைந்த வசதியில் வளர்ந்தால் மட்டும் போதாது. அந்தக் குறைவை வீட்டார் எப்படி நடத்திக் காட்டினார்கள் என்பதே பெரிது.

நம் கரையோரத்துக்கு ஒரு தனி வழக்கமும் உண்டு. தமிழர் வீட்டிலும் சரி, முஸ்லிம்கள் வீட்டிலும் சரி, பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுத்தல் வேண்டும். ஆகையால் தலையெடுத்த ஆண்பிள்ளை தன் சம்பாத்தியத்தைச் சகோதரியின் வீட்டுச் சுவராக மாற்றுவான். தான் போய் இருக்கப்போவது மனைவி வீட்டில். தான் உழைத்துக் கட்டுவது தங்கை வீட்டை. இவ்வழக்கத்தினால் விளைந்த துன்பங்கள் பல. பெண்ணைப் பெற்றவர் பட்ட பாடு நாமறிவோம். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. எனினும் அது நம் இளைஞர் மனத்திலே ஒன்றைப் பதித்தது: சம்பளம் கைக்கு வரும்போதே அது முழுவதும் தன்னுடையதன்று என்ற எண்ணம். அவ்வெண்ணத்தோடு வளர்ந்த ஒருவனுக்குக் குடும்பம் விரிந்து ஊராகவும், ஊர் விரிந்து நாடாகவும் ஆகுமானால் என்ன நடக்கும் என்பதற்கு மயில்வாகனனார் வாழ்வு சாட்சி.

1908 முதல் 1920 வரை பன்னிரண்டு ஆண்டுகள். இக்காலத்தில் அவர் செய்தவற்றை வரிசையாகப் பார்க்கும்போது மலைப்பு உண்டாகின்றது. 1911 இற் கொழும்பிலே ஆங்கில ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்து 1912 இற் பயிற்றப்பட்ட ஆசிரியராகின்றார். மீண்டும் மட்டக்களப்பிற் கற்பிக்கின்றார். 1915 இற் கொழும்பு அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916 இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெறுகின்றார். அதே 1916 இலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறுகின்றார்; இலங்கையிலிருந்து அப்பட்டத்தை முதன் முதற் பெற்றவர் அவரே என்பர். பகலில் இரசாயனமும் பௌதிகமும், இரவில் இலக்கணமும் இலக்கியமும். 1917 இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். கற்பித்துக்கொண்டே தாமாகப் படித்து 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகின்றார். அதே ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபர்.

ஒவ்வொரு பரீட்சைக்கும் கட்டணம் உண்டு, புத்தகம் வேண்டும், விளக்கெண்ணெய் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு நேரம் வேண்டும். ஓர் ஆசிரியரின் சம்பளம் இவற்றையும் தாங்கி, நாகரிக உடைக்கும் விருந்துக்கும் கேளிக்கைக்கும் போதுமாயிருந்திராது. எதை வாங்காமல் விட்டார் என்பதற்குப் பட்டியல் இல்லை. எதை வாங்கினார் என்பதற்குச் சான்றிதழ்கள் இருக்கின்றன. அதைக்கொண்டே மற்றதை நாம் ஊகிக்கலாம். விதை நெல்லைத் தொடாதவர் மகன் வேறு எப்படி இருப்பார்?

அதிபர் பதவி அந்நாளிலே மிகுந்த மதிப்புக்குரியது. முப்பது வயதுக்குள் அதைப் பெற்றவர், வீடு, மனைவி, வண்டி, சேவகர் என்று வாழத் தொடங்கியிருக்கலாம். அவர் 1922 இலே பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் ஸ்ரீ இராமகிருஷ்ண மடத்திற் போய்ச் சேர்ந்தார். இராமகிருஷ்ண சங்கத்துச் சுவாமி சர்வானந்தர் 1917 இல் இலங்கைக்கு வந்தபோது ஏற்பட்ட தொடர்பே இதற்கு வித்து. பிரமசரிய நிலையில் பிரபோத சைதன்யர் என்னும் பெயர் பூண்டார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று, பகவான் இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரும் அப்போது சங்கத்தின் தலைவருமாயிருந்த சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று சுவாமி விபுலாநந்தர் ஆனார்.

பலர் இந்நாளைத்தான் அவருடைய எளிய வாழ்வின் தொடக்கமாகச் சொல்வர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காவி உடுத்தால் ஒரே நாளில் ஆசை போய்விடாது. அவ்வாறு நம்பித் துறவு பூண்டு திண்டாடியவர்களை உலகம் கண்டிருக்கின்றது. விபுலாநந்தரோ, தமக்கென்று குறைவாகவும் வேலைக்கென்று நிறைவாகவும் செலவிடும் பழக்கத்திலே முப்பது ஆண்டுகள் ஊறியவர். 1924 இல் அவர் விட்டது அதிகமில்லை. ஏற்கெனவே விட்டிருந்ததற்கு ஒரு நிறம் வந்தது, அவ்வளவே.

மடத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்ப் பத்திரிகைக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கும் ஆசிரியராயிருந்தார். 1926 இலே சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை ஆராய்ந்து, பண்டைத் தமிழ் நாடக இலக்கணத்தையும் சேர்த்து, மதங்க சூளாமணி என்னும் நூலை இயற்றினார். மிஷன் பாடசாலை ஆங்கிலம் இப்படித் தமிழுக்குப் பயன்பட்டது. கற்ற ஒன்றையும் அவர் எறியவில்லை.

1925 இல் இலங்கைக்குத் திரும்பிய பின்னரே அவர் கையிலே பெரும்பணம் புழங்கத் தொடங்கிற்று. சொந்தமாக ஒரு சதமும் இல்லாதவர் ஆயிரக்கணக்கான ரூபாவை நிருவகிக்க வேண்டியவரானார். இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகள் மட்டக்களப்பிலும் திருக்கோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் நம் பகுதியிலும் அவர் பொறுப்பில் வந்தன. காரைதீவிலே பெண் பிள்ளைகளுக்குச் சாரதா பாடசாலை எழுந்தது. மட்டக்களப்பு வாவியின் அக்கரையில், கல்லடி உப்போடையிலே, 1929 இல் தம் குருநாதர் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அதனோடு தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் தங்கிப் படிக்க ஒரு மாணவர் இல்லமும் அமைந்தது.

அக்காலத்து உதவி பெறும் பாடசாலை முறையை இன்றைய இளைஞர் அறியார். ஆசிரியர் சம்பளத்துக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுக்கும். கட்டிடம், தளபாடம், மாணவர் உணவு இவற்றையெல்லாம் நடத்துவோரே தேடிக்கொள்ள வேண்டும். மிஷனரிமாருக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது. நம்மவருக்கு நம்மவரே கதி. ஊர்ப் பெரியோர்களிடமும் வணிகரிடமும் கேட்டுச் சேர்த்த பணத்திலே கல் வைத்துக் கட்டுவதென்றால், ஒரு மூடை சீமெந்து வீணானாலும் யாரோ ஒரு வயற்காரனின் நெல் வீணானதாகும். பிறர் பணத்தைச் செலவிடுவதிலேதான் ஒருவனுடைய சிக்கனம் சோதிக்கப்படுகின்றது. தன் காசை மிச்சம் பிடிக்கும் பலர் சங்கத்துக் காசென்றால் தாராளமாயிருப்பர். நம்முடைய சங்கங்களிலும் கோயில்களிலும் கணக்குக் கூட்டம் வரும்போது முகம் கறுப்போர் யாவரென்று மூத்தோருக்குத் தெரியும். நான் விரிக்க வேண்டியதில்லை.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1933 வரை அங்கே கடமையாற்றினார். பேராசிரியர் சம்பளம் பெரிது. துறவிக்கு அது எதற்கு? தம் தேவைக்குச் சிறிது போக மிகுதி சங்கப் பணிக்கும் ஏழை மாணாக்கர் கல்விக்குமே சென்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் மாலை வேளையைச் செலவிட்ட முறை. பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள திருவேட்களத்திலே, தாழ்த்தப்பட்டோரென ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த குடியிருப்புக்குச் சென்று அவர்களிடையே கல்விப்பணி செய்தார். பகலிலே பட்டதாரிகளுக்குச் சங்க இலக்கியம், மாலையிலே அரிச்சுவடி. இரண்டும் ஒருவரே.

அண்ணாமலை நகரிலேதான் யாழ் ஆராய்ச்சியும் வேரூன்றியது. பழந்தமிழர் வாசித்த யாழ் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதன் வடிவம் என்ன, நரம்புகள் எத்தனை, எந்த நரம்பு எந்தச் சுருதியில் ஒலித்தது என்று சொல்வாரில்லை. அடிகள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துக்கொண்டார். அதிலே சொல்லப்பட்ட இசை இலக்கணத்தை வெறும் உரையாற் பொருள் காணாமல், நரம்பின் நீளத்துக்கும் அதிர்வுக்கும் உள்ள தொடர்பைப் பௌதிக நூல் வழியே கணித்து, எண்களைக் கொண்டு ஆராய்ந்தார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் அமைப்பை விளக்கினார். தேவாரப் பண்களையும் அவ்வழியே ஆராய்ந்தார்.

இவ்வாராய்ச்சிக்கு என்னென்ன வேண்டியிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். கண்ணகை அம்மன் கோயில் முற்றத்திலே கேட்ட கதை. தேசிகரிடம் கற்ற தமிழும் வடமொழியும். மிக்கேல் கல்லூரிக் கணிதம். தொழில்நுட்பக் கல்லூரிப் பௌதிகம். மதுரைப் பண்டிதர் பரீட்சைக்காகக் கற்ற இலக்கணம். ஒருவரே இவையனைத்தையும் கற்றிருத்தல் அரிது. கற்றிருந்தாலும் பாதியை மறந்திருப்பார். நம்மிற் பெரும்பாலோர் பரீட்சை முடிந்த மறுநாளே கொப்பிகளைக் கடலைக் கடைக்குப் போட்டுவிடுகின்றோம். அடிகளிடத்திலோ வைக்கோலும் தவிடும் உமியும் ஈர்க்கும் எல்லாம் பயன்பட்ட காரைதீவு வீடு போல, கற்றவையெல்லாம் ஒரு வேலைக்கு வந்து சேர்ந்தன. நான் அவருடைய சிக்கனம் என்று சொல்வது பெரிதும் இதைத்தான். எளிய உணவும் இரண்டு காவி வேட்டியும் அதன் வெளிப்பக்கம் மாத்திரமே.

இந்த ஆராய்ச்சி ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் நீண்டது. இடையிலே வேறு பணிகளும் குறுக்கிட்டன. 1936 இற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கச் சொற்கள் ஆக்கும் வேலையை நடத்தினார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்தில் இருந்து பிரபுத்த பாரத என்னும் ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியரானார். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அடுத்த ஆண்டு, 1943 இல், அதன் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி அவரை அழைத்தது. மீண்டும் பெரிய சம்பளம். மீண்டும் அதே வழியிற் செலவு.

இங்கே ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எல்லாவற்றிலும் சிக்கனமாயிருந்த அடிகள் ஒன்றில் மட்டும் ஊதாரியாயிருந்தார். அது அவருடைய உடம்பு. ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு ஓயாத பயணம், குளிரும் வெப்பமும், நேரந்தவறிய உணவு, இரவு முழுவதும் படிப்பு. பிற்காலத்தில் நோய் அவரை வாட்டியது. நோயோடேயே யாழ் நூலை எழுதி முடித்தார். ஐம்பத்தைந்து வயதிலே அவரை நாம் இழந்தோம். இன்னும் பத்தாண்டு அவர் இருந்திருந்தால் நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கும் கிழக்கு மாகாணக் கல்விக்கும் எவ்வளவு கிடைத்திருக்கும்! பணத்தை மிச்சம் பிடித்து உடம்பைச் செலவழிக்கும் இவ்வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. பிள்ளைக்கு முட்டை கொடுத்துவிட்டுத் தான் வெறுஞ்சோறு உண்ணும் தாய்மாரைக் காணாதவர் யார்? பெரியோர் செய்தது என்பதற்காக இதையும் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

மூத்தோர் எங்களைப் பார்த்து ஊதாரிகள் என்கின்றனர். எங்களிற் சிலர் மூத்தோரைப் பார்த்துக் கஞ்சர் என்கின்றனர். 2022 ஆம் ஆண்டு நாட்டிலே பொருளாதார நெருக்கடி வந்தபோது இவ்வழக்குக்கு ஒரு தீர்ப்புக் கிடைத்தது போல எனக்குத் தோன்றிற்று. வாயுச் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கிற் கியூவில் நின்றோம். அன்று விறகடுப்பு மூட்டத் தெரிந்த அம்மம்மாமார் இருந்த வீடுகளிலே சோறு நேரத்துக்கு வெந்தது. எங்கள் வீட்டிலும் அப்படியே. பக்கத்து ஊர் மருதமுனையிலே தறி வைத்திருக்கும் குடும்பத்துக் கூட்டாளி ஒருவன், தன் வாப்பா நூல் வாங்கும் காசை எக்காரணத்துக்கும் வீட்டுச் செலவோடு கலக்க மாட்டார் என்று அந்நாட்களிற் சொன்னான். அது எங்கள் விதை நெல்லேதான். ஊர் வேறு, சமயம் வேறு, பழக்கம் ஒன்று.

மறுபக்கமும் உண்டு. கலியாண மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் வாணவேடிக்கைக்கும் கடன் வாங்குவதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? நாங்கள் பிறக்கும்போதே தவணைப் புத்தகம் வீட்டிலே இருந்தது. வீடு வீடாக வந்து பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட நுண்கடன்கள் கழுத்தை நெரித்து, 2018 இலே வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அக்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே இரத்துச் செய்ய வேண்டிய நிலை வந்தது. பிள்ளை தன் வீட்டிற் கண்டதையே செய்கின்றது. ஆகவே இந்த மலரை வாசிக்கும் மூத்தோர், இக்கட்டுரையை மகனுக்கு மட்டும் படித்துக் காட்டிவிட்டு மூடிவைக்காதிருக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கின்றேன்.

அடிகளின் கடைசி ஆண்டு 1947. யாழ் நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக அச்சாகியது. அவ்வாண்டு யூன் மாதம் 5 ஆம், 6 ஆம் திகதிகளிலே சோழ நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அறிஞர் பலர் சூழ அந்நூல் அரங்கேறிற்று. அந்நூலில் விளக்கிய முறைப்படி செய்த யாழ்களை ஊர்வலமாகக் கொண்டுவந்தனர். பல நூற்றாண்டு மௌனமாயிருந்த இசை மீண்டும் பேசப்பட்டது. அதன் பின் அவர் கொழும்புக்குத் திரும்பினார். ஆறு வாரம் கழிந்தது. யூலை மாதம் 19 ஆம் திகதி கொழும்பிலே இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவருக்கென்று காணி இல்லை, வீடு இல்லை. பாகம் பிரிக்க ஒன்றுமில்லை. பதினாறு வயதிலிருந்து உழைத்தவர். இரண்டு பல்கலைக்கழகங்களிற் பேராசிரியராயிருந்தவர். உழைத்ததெல்லாம் சுவராகவும் வாங்காகவும் கரும்பலகையாகவும் புத்தகமாகவும் மாறிப் பலருடைய பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிட்டன. 1960 களில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது அப்பாடசாலைகளும் கைமாறின. பிள்ளைகள் தொடர்ந்து படித்து வருகின்றனர். அடிகளின் உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலய வளவிலேயே சமாதி வைத்தனர். பாடசாலை மணியோசை நன்றாகக் கேட்கும் தூரத்திலே அது இருக்கின்றது.